எலியின் நினைவும் நமது உடன்பாடும்

முதுமையில் நினைவு தளர்வதற்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பின் குறைவும் காரணமோ என்று அறிவதற்காக, மேலைநாட்டு ஆய்வகங்களில் சுண்டெலிகள் வளர்க்கப்படுகின்றன. எலிக்கு ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. ஆதலின் அதன் மூப்பை விரைவிற் காணலாம்.

இதற்குரிய சோதனைகளுள் ஒன்று, ரிச்சர்ட் மாரிஸ் என்பார் 1981 இல் விளக்கிய நீர்த்தொட்டி. கலங்கிய நீருள் மறைந்துள்ள மேடையை எலி நீந்திக் கண்டடைதல் வேண்டும். மறுநாளும் அவ்விடம் நினைவிலுள்ளதா எனக் கணிப்பர். கேரின் பிரிக் குழுவினர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் பெற்ற முதிய பெண் எலிகள் இடத்தை நன்கு நினைவுகொண்டன. ஆண் எலிகளிடத்து இத்துறை முடிவுகள் ஒருசீராக இல்லை. இத்தகைய ஆய்வுகளின் இறுதியில் எலியைக் கொன்று மூளையை எடுத்து ஆராய்வதே வழக்கம்.

ஐயறிவுயிரை இவ்வாறு கொல்லுதலை, அடுப்பெரிக்கையில் எறும்பு மடிவது போன்ற ஆரம்ப ஹிம்சையுள் அடக்குவாருண்டு. எனக்கு அது உடன்பாடன்று. சமையலில் எறும்பின் இறப்பு எவர் கருத்திலும் இல்லை. இங்கோ இறப்பு முன்னரே எழுதிவைத்த படிகளுள் ஒன்று. நோக்கம் அறிவேயாயினும் செயல் சங்கல்பமே. கொன்ற கை நமதன்று எனலாம்; ஆயின் செய்தல், செய்வித்தல் ஆகியவற்றோடு உடன்படுதலையும் அன்றோ நம் அறநூல்கள் எண்ணின?

மனிதர்க்குப் பயன் விளைகிறதே என்பர். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2003 இல் வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உண்டோர்க்கு மறதிநோய் ஏறத்தாழ இருமடங்காயிற்று. (அம்மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது, அது தனித் துயரம்.) இதனால் எலியாய்வு முற்றும் வீண் என்னேன். பயன் கிட்டியிருப்பினும் வினா அவ்வாறே நிற்கும். அப்பெண்கள் கேட்டறிந்து கையொப்பமிட்டனர். தொட்டியில் விடப்பட்ட எலியை எவரும் கேட்கவில்லை.

மறதியுற்ற தாய்க்கு மருந்தை மறுக்க எவரும் துணியார், யானும் துணியேன். எனினும் 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் நிலையை நீக்கி, உயிரணுச் சோதனைக்கும் கணினிக் கணிப்புக்கும் இடமளித்தது. இந்திய மருந்து விதிகளும் 2023 இல் அவ்வழியே திருத்தப்பட்டன. மருந்தியல் பயிலும் நம் பிள்ளைகள், "எலியின்றி இதை அறிய இயலுமா?" என்று ஆசிரியரிடம் இனித் தயக்கமின்றிக் கேட்கலாம்.