எல்லை வகுத்த உழைப்பு

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்வது அறிவுடையோர்க்கு அரிதன்று. நன்மைக்கும் நன்மைக்கும் இடையே தேரவேண்டி வரும்போதுதான் மனம் தடுமாறுகின்றது. விழா நாட்கள் நெருங்குங்கால் நம் இல்லங்களில் நிகழ்வது இத்தகைய தடுமாற்றமே. கையில் எடுத்த தையல் வேலை முடியவேண்டும். பலகாரங்கள் வீட்டிலேயே ஆகவேண்டும். குழந்தைகளோடும் முதியோரோடும் முகங்கொடுத்துப் பேசவேண்டும். மூன்றும் நல்லனவே. ஆயினும் ஒரு நாளுக்கு 60 நாழிகைதான். இவற்றுள் எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பது வெறும் நேரக் கணக்கு அன்று. அஃது அறத்தைப் பற்றிய வினா என்றே நாம் கருதுகின்றோம்.

மலைமேல் ஒரு விழா

ஏற்காட்டிற்கு அப்பால், ஏறத்தாழ 5,326 அடி உயரத்தில், அகன்று பரந்த மலையுச்சியில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. குனிந்து செல்லவேண்டிய ஒரு குகையே அங்குக் கருவறை. சேர்வராயனும் காவேரி அம்மனும் அதனுள் வீற்றிருக்கின்றனர். மலையாளி என்னும் பெயர் பூண்ட பழங்குடி மக்கள் (இச்சொல் இங்குக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று) சேர்வராயனைத் தம் மலையின் காவலனாகப் போற்றுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு விழா நடைபெறுகின்றது. மலைச்சிற்றூர்களிலிருந்து மக்கள் குடும்பத்தோடு உச்சிக்கு வந்து கூடுகின்றனர்.

அதே மே மாதத்தில்தான், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய மக்கள் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்குத் திரள்கின்றனர். அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அப்பருவத்திலேயே நிகழ்கின்றன. விடுதிகளிலும் கடைகளிலும் வேலை மிகும் நாட்களும், வீட்டைத் தூய்மை செய்து உறவினரை எதிர்கொள்ள வேண்டிய நாட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. வழிபாட்டு நெறி வேறாயினும் இல்லத்தின் இடர் ஒன்றே. வீரநிர்வாண நாளாகிய தீபாவளிக்கு முன் நம் வீடுகளில் காண்பதும் இதுவேயன்றோ?

இந்த இடரின் பெரும்பகுதி யார் தோளில் ஏறுகின்றது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடங்கள். அன்றியும், அவ்வேலைகளில் ஈடுபடுவோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேராகவும், ஆண்களில் 26 பேராகவும் இருந்தனர். 299 நிமிடங்கள் என்பது ஏறத்தாழ 12.5 நாழிகை. இது சாதாரண நாளின் கணக்கு. விழா நாளின் கணக்கை நம் வீட்டுப் பெண்களே அறிவர்.

கந்தையின் அறம்

குளிர்மிகு மலைநாட்டில் போர்வை ஆடம்பரமன்று; அது தேவை. நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்காக வைத்து, நெருக்கமாக நூலோட்டிப் போர்வையும் விரிப்பும் ஆக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. வங்கத்தில் அது கந்தா; பீகாரில் சுஜனி; மராட்டியத்தில் கோதடி. வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களாகிய சித்தி மக்கள் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கின்றனர். தமிழகத்திலும் பாட்டியின் பழஞ்சேலையில் தைத்த விரிப்பில் கிடத்தப்பட்டு வளர்ந்தவர் பலர்.

இக்கைவேலையில் ஓர் அறம் உள்ளுறைந்து நிற்கின்றது. புதிதாக ஒன்றை வாங்காமல், உள்ள பொருளின் ஆயுளை நீட்டுகின்றோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் நூலும் ஊசியுமாக வடிவெடுத்தாற்போல் அது காணப்படுகின்றது. ஆயின், அதே வேலை தன் எல்லையைக் கடக்கும்போது நேர்மாறாகிவிடுகின்றது. வெட்டுவதற்கென்றே புதுத்துணி வாங்குவதும், என்றேனும் உதவும் என்று துண்டுத்துணிகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்ப்பதும், ஒன்று முடியுமுன் மூன்றைத் தொடங்குவதும் பற்றின் அடையாளங்களேயாம். பொருளைச் சுருக்கப் பிறந்த தொழில் பொருளைப் பெருக்குமாயின், அங்குப் பெயர் மட்டுமே எஞ்சும்.

துண்டுகளில் பட்டும் கலந்திருந்தால் என் செய்வது என்று சிலர் வினவக்கூடும். கூட்டுக்குள் இருக்கும் புழுவை வெப்பத்தால் கொன்றே வழக்கமான பட்டுநூல் எடுக்கப்படுகின்றது. ஆதலின் போர்வைக்கென்று புதுப்பட்டு வாங்குவது நமக்குத் தகாது. முன்னரே வீட்டில் உள்ள பழம்பட்டை எறிவதால் போன உயிர் மீளாது. அதனை வீணாக்காமல் தேவைப்படுவோர்க்குப் பயன்படச் செய்தல், அழகுக்காக மேலும் நாடாதிருத்தல் என்னும் இரண்டும் சேர்ந்தால் போதும் என்பது நம் கருத்து.

மாவுக்கு நாள் உண்டு

அடுக்களையின் இயல்பு வேறு. சமணச் சமையல் பெரும்பாலும் காலத்தோடு பிணைக்கப்பட்டது. நீரை வடிகட்டவேண்டும், தானியத்தைப் புடைத்து, உயிர்கள் இல்லாதவாறு ஆராயவேண்டும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவேண்டும். அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என வரையறுத்துக் கொள்வது திகம்பர இல்லறத்தார் மரபு. மாவில் சிற்றுயிர்கள் தோன்றுமுன் அதனைப் பயன்படுத்திவிட வேண்டும் என்னும் கருணையே இதன் அடிப்படை.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. விழாவுக்குரிய மாவை ஒரு திங்களுக்கு முன்பே அரைத்துவைக்க இயலாது. அந்த வேலை விழாவை ஒட்டியே வந்து தீரும். அதுவும் பகற்பொழுதையே கேட்கும். துணிக்கோ அத்தகைய நாள் வரம்பு இல்லை. இன்று தைக்காத துண்டு அடுத்த திங்களிலும் கெடாமல் காத்திருக்கும். எனவே முன்னே நகரவோ பின்னே நகரவோ கூடியது தையலே; அடுக்களை வேலை இடம்பெயராது. விழாவுக்கு முன் முடிக்கவேண்டிய போர்வையாயின் பல திங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். இல்லையேல் விழாவுக்குப் பின் என்று மனமுவந்து விட்டுவிட வேண்டும்.

மூன்றாவதாகிய குடும்பத்திற்கோ இவ்விரண்டினும் கடுமையான நியதி உண்டு. மாவுக்குச் சில நாட்களேனும் உண்டு. குழந்தை ஓடிவந்து கேட்கும் கேள்விக்கு அந்தக் கணமே உண்டு. திண்ணையில் அமர்ந்து பேச்சுத்துணைக்கு ஏங்கும் முதியவரின் மாலைப்பொழுதைச் சேமித்துவைத்துப் பின்னர் வழங்க இயலாது. பலகாரம் தட்டில் தெரியும். போர்வை கட்டிலில் தெரியும். கொடுத்த செவி எங்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தாலேயே அது முதலில் கைவிடப்படுகின்றது.

ஒரு மறுப்பு

இங்ஙனம் கூறுமிடத்து ஒரு வலிய மறுப்பு எழும். "நாளெல்லாம் பிறர்க்காக உழைக்கும் பெண்ணுக்குத் தானே விரும்பித் தேர்ந்த வேலை அந்தத் தையல் ஒன்றுதான். மாவு காத்திராது, மக்கள் காத்திரார், ஆகவே தையலை ஒதுக்கு என்றால், அவளுக்கென்று இருந்த ஒன்றையும் பறிப்பதாகாதா?" என்பர். இம்மறுப்பு நியாயமானது. துணியால் காத்திருக்க இயலும் என்பதால், தைப்பவளும் என்றென்றும் காத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டுதல் அறமாகாது.

எனவே வரம்பு ஒருத்தியின் விருப்பத்திற்கு மட்டும் விதிக்கப்படலாகாது. வீட்டாரின் நாவிற்கும் அது விதிக்கப்பட வேண்டும். போகோபபோகப் பரிமாணம் என்னும் விரதம் நுகர்வனவற்றை அளவிட்டுக்கொள்ளச் சொல்கின்றது. ஏழு வகைப் பலகாரம் என்னும் வழக்கத்தை மூன்றாகக் குறைத்தால் அடுப்பின் முன் நிற்கும் நேரம் குறையும். பயனின்றித் தீ மூட்டலும், நீரைக் கொட்டலும், நிலத்தைத் தோண்டலும் பிரமாத சரியை என்று அனர்த்ததண்டத்துள் வைத்து விலக்கப்பட்டன. உண்பார் இன்றி எஞ்சி எறியப்படும் பலகாரத்துக்காக எரிந்த தீயும் அதனோடு எண்ணத்தக்கதே.

அடுத்து, தானியம் புடைப்பதும், நீர் வடிகட்டுவதும், மாவு அரைப்பதும் பெண்கைக்கே உரியவை என்று எந்த விரதமும் கூறவில்லை. கொல்லாமை ஆடவர்க்கும் உரிய நோன்பாயின், சமையலில் கொல்லாமையைக் காக்கும் உழைப்பும் ஆடவர்க்கு உரியதே. சாமாயிகத்திற்கு ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை, 48 நிமிடம் ஒதுக்குகின்றோம். அதே அளவு நேரம் வீட்டின் ஆடவர் ஒவ்வொருவரும் அடுக்களையை ஏற்றால், தைப்பவளுக்கு ஒரு பகற்பொழுது கிடைத்துவிடும்.

ஓரத்திலிருந்து தொடங்குதல்

சித்தி மக்களின் கவந்தி தைக்கும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. அவர்கள் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் ஓரத்தில் துண்டுகளைப் பதித்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துவந்து, நடுவில் முடிக்கின்றனர். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் 'பூ' வைப்பதும் அவர்கள் மரபு. அங்கு எல்லை முன்னரே வகுக்கப்பட்டுவிடுவதால் போர்வை தன் அளவுக்கு மேல் வளராது. நடுவில் தொடங்குபவர்க்கோ இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று ஆசை விரிந்துகொண்டே போகும்.

விழாவையும் இவ்வாறே ஓரத்திலிருந்து தொடங்கலாம். இத்தனை பலகாரம், இத்தனை விருந்தினர், இந்த ஒரு போர்வை, இன்னார்க்கு இன்ன வேலை என்று குடும்பம் முழுதும் ஒருங்கமர்ந்து முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளட்டும். எல்லோரும் கூடியிருக்கும் வெற்றுப்பொழுது ஒன்றும் அந்த வரையறைக்குள் முன்கூட்டியே இடம்பெறட்டும். எஞ்சிய நேரத்தில் கொடுப்போம் என்று விட்டால் அது ஒருநாளும் எஞ்சாது.

இவ்வளவு செய்தும் போர்வை பாதியில் நிற்கக்கூடும். நிற்கட்டும். முடியாத தையல் குற்றமன்று. ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து, அழைத்த குரலுக்குச் செவிசாய்ப்பதும் விரதமேயாம். ஆனால் விழா முடிந்த மறுவாரம் அந்த ஊசியை அவள் மீண்டும் எடுக்குமாறு அடுப்பையும் முற்றத்தையும் ஏற்றுக்கொள்ளும் கடமை வீட்டார்க்கு உண்டு. வரும் விழாவுக்கு முன்னரே இதனை நம் இல்லங்களில் பேசி முடிவு செய்வோமாக.