கைதட்டல் நின்ற பிறகு



இன்று உங்களிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். ஒரு மனிதனுடைய முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் ஆயிரம் ஆயிரம் பேர் கூடினார்கள். பிறகு அவன் யாரும் திரும்பிப் பாராத ஒரு வேலைக்கு வந்து சேர்ந்தான். இவன் ஏறினானா, இறங்கினானா? "ஐயோ பாவம், எப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டாரே!" என்று உலகம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். நாம் அவசரப்படாமல் சற்று யோசிப்போம். வெறும் யூகமாகப் பேசாமல், உண்மையாய் வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

பாபி ஷெர்மன் என்பவர் 1943-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சாந்தா மோனிகாவில் பிறந்தவர். 1964-இல் 'ஷிண்டிக்' என்னும் டெலிவிஷன் சங்கீத நிகழ்ச்சியில் பாடத் தொடங்கினார். 1968 முதல் 1970 வரை 'ஹியர் கம் த பிரைட்ஸ்' என்னும் தொடரில் நடித்தார். சியாட்டில் ஊரிலே மரம் வெட்டும் தொழில் நடத்தும் மூன்று சகோதரரின் கதை அது. இவருக்குக் கடைசித் தம்பியின் வேஷம். அதுவும் திக்குவாய்ப் பையன். அந்தப் பையன்மேல் தேசமெங்கும் இருந்த இளம்பெண்கள் மையல் கொண்டார்கள். 1969-இல் இவர் பாடிய 'லிட்டில் உமன்' என்ற பாட்டு அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் 3-ஆம் இடத்துக்கும், 1970-இல் வந்த 'ஜூலி, டூ யா லவ் மீ' 5-ஆம் இடத்துக்கும் ஏறின. பத்திரிகைகளில் வந்த இவருடைய படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டாத பெண்பிள்ளை அந்நாளில் குறைவு.

இந்தக் கீர்த்தி அவருக்கு எப்படி இருந்தது? வாரத்தில் ஐந்து நாள் படப்பிடிப்பு. வெள்ளி இரவு விமானம் ஏறி வேறொரு பட்டணம் போய், சனியும் ஞாயிறும் கச்சேரி செய்வார். மறுபடி விமானம், மறுபடி படப்பிடிப்பு. கச்சேரிக்கு வந்தவர்கள் போட்ட கூச்சலில் பாட்டே காதில் விழாது. கவனியுங்கள், வாசகரே! பாட்டைக் கேட்க வந்தவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. அவர்கள் நேசித்தது ஒரு படத்தை. படத்துக்கு வயதாகாது, மனிதனுக்கு வயதாகும். ஆகையால் அந்தக் கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்தது. 1971-இல் அவருக்கென்றே தொடங்கிய 'கெட்டிங் டுகெதர்' என்ற தொடர் சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று.

1974-இல் 'எமர்ஜென்சி' என்ற தொடரில் அவர் ஒரு வேஷம் கட்டினார். விபத்தில் சிக்கினவர்களை ஓடிப்போய்க் காப்பாற்றும் தீயணைப்புப் படையினரைப் பற்றிய கதை அது. நடிகர்களில் அநேகர் செய்வதுபோல் இவரும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவரோ, நடித்ததை நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். முறையாகப் பயிற்சி பெற்று, அவசர வைத்திய உதவி செய்கிறவரானார். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் பயிற்சிக் கழகத்தில், காயத்துக்குக் கட்டுப் போடுவதும், நின்றுபோன இருதயத்தை மார்பை அழுத்தி இயங்கச் செய்வதும் எப்படியென்று ஆயிரக்கணக்கான போலீஸாருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1992-இல் அந்தப் படையில் ரிசர்வ் அதிகாரியானார். 1999-இல் அந்த ஆண்டின் சிறந்த ரிசர்வ் அதிகாரி என்ற பாராட்டும் கிடைத்தது. சான் பெர்னார்டினோ கவுண்டியின் ஷெரிப் படையிலும் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். பிறகு 2011-இல், தம் மனைவியோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவில் கானா தேசத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் சங்கீதத்துக்கும் உதவ ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார். 2025 ஜூன் 24-ஆம் நாள், புற்றுநோயால் தமது 81-ஆம் வயதில் இறந்தார்.

அவரே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. நார்த்ரிட்ஜ் பகுதியில், இரத்தப்போக்கினால் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இவரும் கூட்டாளிகளும் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். கணவன் இவரையே உற்று உற்றுப் பார்த்தானாம். கடைசியில் அடையாளம் கண்டு, பெயரைச் சொல்லிக் கூவினான். அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்து, தான் அலங்கோலமாய்க் கிடப்பதை நினைத்து வருத்தப்பட்டாளாம்! இவர் அவளைத் தேற்றிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மேடையிலே ஆயிரம் பேர் இவரைப் பார்த்தார்கள். இவரால் ஒருவரையும் பார்க்க முடியவில்லை. இங்கேயோ, இவர் ஒருத்தியைப் பார்க்கிறார். அவள் நாடியையும் மூச்சையும் கவனிக்கிறார். தன்னை யார் பார்க்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் அவருக்குப் பொருட்டல்ல. புகழ் என்பது பிறர் நம்மைப் பார்ப்பது. பிறர்சிநேகம் என்பது நாம் பிறரைப் பார்ப்பது. முன்னதை விட்டுப் பின்னதற்கு வந்தவனை இறங்கினவன் என்று எப்படிச் சொல்லுவது?

இதற்குச் சிலர் ஆட்சேபம் சொல்லலாம். "அவருக்குச் சம்பாதித்த பணம் இருந்தது, ஆகவே சம்பளத்தை நோக்காமல் சேவை செய்ய முடிந்தது. எங்களுக்கு அந்த வசதி ஏது?" நியாயமான பேச்சு. பிழைப்பை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் பணமும் ஓய்வும் உள்ளவர்கள் எல்லாரும் அவற்றை அடிபட்டவன் பக்கத்தில் முழந்தாளிடுவதற்கா செலவிடுகிறார்கள்?

"அப்படியானால் பாட்டும் நடிப்பும் வீண் என்கிறீரா?" என்று இன்னொருவர் கேட்கலாம். இல்லை. துயரப்பட்ட ஓர் இளம் மனதுக்கு ஒரு பாட்டு ஆறுதல் தந்திருந்தால் அதுவும் நன்மையே. பாபி ஷெர்மனும் தம் பழைய தொழிலை வெறுத்துவிடவில்லை. 1998-இல், பழைய நாள் பாடகர்களாகிய டேவி ஜோன்ஸ், பீட்டர் நூன் ஆகியோருடன் ஊர் ஊராய்ப் போய் மறுபடி பாடினார். தனக்குள்ள வரத்தை இல்லையென்பது தாழ்ச்சியல்ல. அந்த வரம் இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று நினையாதிருப்பதே தாழ்ச்சி.

எல்லாராலும் இப்படி இறங்கி நடக்க முடிவதில்லை. அதே காலத்தில் அதே பத்திரிகைகளின் அட்டையில் வந்த டேவிட் கேசிடி, குடியோடு பல ஆண்டு போராடி 2017-இல் தமது 67-ஆம் வயதில் இறந்தார். அவரைக் குற்றவாளியாகத் தீர்ப்பிட நாம் யார்? இருபது வயதுப் பையனை வானத்துக்குத் தூக்கி, நமக்குச் சலித்ததும் கையை எடுத்துவிடுவது கூட்டத்தின் வழக்கம். விழுந்தவனைப் பரிகசிக்கிறவன், தூக்கினவர்களில் தானும் ஒருவனா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

இது நடிகர்களுக்கு மாத்திரம் உள்ள சோதனை என்று எண்ணாதேயுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு மறுநாள் காலையில் வணக்கம் சொல்ல ஆள் குறைகிறது. பிள்ளைகளைக் கரையேற்றிய தாயை, "அம்மா" என்று அடிக்கடி கூப்பிட யாருமில்லை. ஊரில் முதல் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடுகிறது. அப்போது நெஞ்சில் ஒரு வெறுமை வரும். எல்லாருக்கும் வரும், இதை எழுதுகிறவனும் விலக்கல்ல. அந்த வெறுமையில் உட்கார்ந்து பழைய மாலைகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். அல்லது எழுந்துபோய், பக்கத்தில் யாருக்கு வலிக்கிறது என்று பார்க்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மேடையில் பரிசு வாங்கினால் மகிழுங்கள், நல்லதுதான். ஆனால் பரிசு கிடைக்காத காரியங்களையும் அவன் செய்யப் பழகியிருக்கிறானா என்று கவனியுங்கள். கைதட்டல் நின்ற பிறகு அவனைத் தாங்கப்போவது அந்தப் பழக்கமே.

கடைசியாக ஒரு சிறு பரீட்சை. இந்த வாரம் யாருக்காவது ஓர் உபகாரம் செய்யுங்கள். செய்ததை வீட்டாரிடங்கூடச் சொல்லாதிருங்கள். எத்தனை தரம் அது நாக்கு நுனிவரை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாம் கைதட்டலை எவ்வளவு நம்பி வாழ்கிறோம் என்பது அப்போது நமக்கே விளங்கும்.