கைவிடப்பட்ட சிருஷ்டி

சிருஷ்டிக்கு எல்லை வகுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதை நம் சிறு குழுக்கள் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகவே வைத்திருக்கின்றன. எழுத வந்ததை எழுதாமல் விட்டவனைக் கோழை என்றோ சமரசவாதி என்றோதான் சொல்லி வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பார்க்க வைக்கிறது ஒரு விஞ்ஞானியின் பணி.

கேட் அடமாலா அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் செயற்கை உயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருப்பவர். உயிரற்ற மூலக்கூறுகளைக் கொழுப்புச் சவ்வுக்குள் ஒன்றுசேர்த்து, உயிரணு போல இயங்கும் ஒன்றைக் கட்டுவது அவர் காரியம். உயிரின் தோற்றத்தை ஆராய்பவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜாக் ஷோஸ்டாக்கிடம் பயின்றவர். 2019இல் அரசு நிதியுதவியுடன் அவரும் வேறு சிலரும் ‘கண்ணாடி உயிரணு’ ஒன்றை நோக்கி வேலை தொடங்கினார்கள்.

கண்ணாடி என்றது உருவகமல்ல. சில மூலக்கூறுகள் இடக்கையும் வலக்கையும் போல இரு வடிவங்களில் இருக்க முடியும். ஒன்று மற்றதன் பிம்பம், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. 1848இல் லூயி பாஸ்டர் கண்ட உண்மை இது. விசித்திரம் என்னவென்றால், உயிர் இவ்விரண்டில் ஒன்றையே ஏற்றிருக்கிறது. புரதங்களின் அமினோ அமிலங்கள் இடக்கையாகவும், டி.என்.ஏ.யின் சர்க்கரை வலக்கையாகவும் இருக்கின்றன. இது நியதியா, தற்செயலா? மறுகையால் ஆன ஓர் உயிரைக் கட்டி இயங்க வைத்தால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். தத்துவவாதி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதை இவர் ஆய்வுக்கூடத்தில் கேட்க முனைந்தார்.

பிறகு கைவிட்டார். காரணம் எளியது. நம் உடலின் பாதுகாப்பு பெருமளவுக்கு வடிவத்தை அடையாளம் காண்பதில் இருக்கிறது. வடிவம் தலைகீழானால் அதற்கு எதிரி தென்படாமலே போகக்கூடும். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களால் அதனுள் பெருக முடியாது. மற்ற உயிர்களின் நொதிகளாலும் அதைச் சரிவரச் செரிக்க முடியாது. நம் உலகில் அதற்கு உணவு கிடைக்காமல் தானே மடியும் என்ற ஆறுதலும் நிலைக்கவில்லை. கிளிசரால் போல இடம் வலம் என்ற பேதமற்ற பொருள்கள் இயற்கையில் உண்டு. 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் ‘சயன்ஸ்’ இதழில் இதையெல்லாம் எழுதி, கண்ணாடி பாக்டீரியா உருவாக்கப்படக் கூடாது என்றார்கள். அடமாலாவும் ஷோஸ்டாக்கும் அவர்களில் இருவர். முழுக்க வேதியியல் முறையில் தயாரித்த மரபுத்தொகையால் இயங்கும் பாக்டீரியாவை 2010இல் உருவாக்கிய வென்ட்டர் நிறுவனத்தின் ஜான் கிளாஸ் இன்னொருவர். ஆக, சிருஷ்டியின் ருசி அறிந்தவர்கள்.

இதைத் துறவு என்று சொல்லலாமா? கையில் இல்லாததைத் துறப்பது என்ன துறவு என்று கேட்கலாம். கண்ணாடி பாக்டீரியா உருவாக இன்னும் பத்து ஆண்டுகளாவது ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு இந்த ஆட்சேபம் வலுவானதாகப் படவில்லை. பத்து ஆண்டுகளில் அது பலரின் பிழைப்பாகியிருக்கும். முதலீடும் புகழும் அதன்மேல் ஏறியிருக்கும். அப்போது கைவிடுவது யாருக்கும் சாத்தியமில்லை. இன்னொருவன் செய்துவிடுவான் என்ற வாதமும் உண்டு. மௌனமாக விலகியிருந்தால் அது தன் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முயற்சியாகியிருக்கும். அவர்கள் 299 பக்கத் தொழில்நுட்ப அறிக்கையுடன், பெயர் போட்டுச் சொன்னார்கள்.

முன்னுதாரணம் இல்லாமலில்லை. மரபணு ஒட்டுச் சோதனை ஒன்றை 1971இல் பால் பெர்க் தள்ளிவைத்தார். 1975இல் அஸிலமாரில் கூடி விதிகள் வகுத்தபின் அத்துறையின் வேலை தொடர்ந்தது. அங்கே கேள்வி, எப்படிச் செய்வது என்பது. இங்கே செய்யலாமா என்பதே கேள்வி. ஆபத்து இல்லை என்று வலுவான சான்று வராதவரை கூடாது என்கிறார்கள். நிரூபிக்கும் சுமை சிருஷ்டிப்பவன் தலையில் ஏறுகிறது. இதிலும் தெளிவின்மை இருக்கிறது. மருந்துக்காகக் கண்ணாடி மூலக்கூறுகள் செய்வதை அவர்கள் தடுக்கச் சொல்லவில்லை. மூலக்கூறு எந்த இடத்தில் உயிரணுவை நோக்கிய படியாகிறது? 2025 ஜூனில் பாரிசில் இதைப் பேசக் கூடினார்கள், பாஸ்டர் பெயரிலுள்ள நிறுவனத்தில். கோட்டை எங்கே போடுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

நமக்கு இதில் என்ன? கவிதையும் சிருஷ்டிதான், பாக்டீரியாவும் சிருஷ்டிதான் என்றால், ஒன்றுக்குத் தடையின்மையும் மற்றதற்குத் தடையும் எப்படி நியாயமாகும்? கவிதை புனிதமானது என்பதால் அல்ல. பிடிக்காதவன் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்பதால். பாக்டீரியா யாருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. அப்படியானால் எழுத்தாளனின் சுதந்திரம் அவனுடைய மேதைமையில் இல்லை, வாசகனின் மறுக்கும் உரிமையில் நிற்கிறது.

இந்த இடத்துக்கு வந்தபின் அசௌகரியமான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடையாளம் தெரியும்படி நம் கதைகளில் நாம் இறக்கிவிடும் மனைவியும் நண்பனும் அந்தப் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. அவர்கள் அதற்குள் வாழ வேண்டியிருக்கிறது. நான் அப்படி எழுதியிருக்கிறேன், யதார்த்தத்தின் பெயரால். தடை வேண்டும் என்று சொல்லவில்லை. தடை கேட்பவர்கள் வேறு காரணங்களுக்காகக் கேட்கிறார்கள். எழுதாமல் விட்டவனைக் கோழை என்று சொல்லுமுன், அவன் யாருக்காக விட்டான் என்று இனிமேல் நான் கேட்பேன்.