சீல் வைத்த பிறகு

போலி மருத்துவர் கைது, கிளினிக்குக்குச் சீல் என்ற செய்தி கள்ளக்குறிச்சிப் பக்கம் புதிதல்ல. கையடக்க ஸ்கேன் கருவியோடு வந்து, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிக் காசு பார்த்தவர்களையும் இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. அது 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த கொடுமை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மருந்துக்கடைப் பின்னறையில் காய்ச்சலுக்கு ஊசி போடுகிறவர் விஷயம் அப்படி எளிதில் முடிவதில்லை. தகுதியில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. ஆனால் கல்வராயன்மலையில் ஒரு சிற்றூருக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஒரே வைத்தியம் அவர்தான் என்றால், ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்தக் கதவைப் பூட்டலாமா?

பூட்டக் கூடாது என்பவர்கள் வாதத்தில் ஈரம் இருக்கிறது. நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பேருந்து கிடையாது, மலையிலேயே இருக்கும் வெள்ளிமலைக்குப் போவதென்றாலே காட்டுப்பாதையில் நடக்க வேண்டும், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவது அதற்கப்புறம். சாலை எட்டாத ஊர்களில் கர்ப்பிணியையும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அரைகுறை வைத்தியமாவது இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனாலும் அதை ஏற்க முடியாது. 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், பாங்கர்மாவ் பகுதியில், 40-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. தகுதியில்லாத ஒருவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதே காரணம் என்று சுகாதாரத் துறை குற்றம் சாட்டியது. மலிவு, பக்கத்திலேயே கிடைக்கிறது என்று நம்பித்தான் ஏழைகள் அவரிடம் கை நீட்டினார்கள். "ஊசி போட்டதும் எழுந்து நடந்தான்" என்று ஊரே மெச்சும் வைத்தியத்தில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. காய்ச்சல் அடங்கும், உள்ளே நோய் முற்றும். மலைக்காரருக்கு இது போதும் என்பது இரக்கமாகத் தெரிந்தாலும், அவர் உயிரைக் குறைத்து எடைபோடுவதுதான். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை கல்வராயன்மலை. சமவெளிக்கு வந்த உரிமைகள் அங்கே ஏறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பாதுகாப்பான ஊசியையும் அந்த வரிசையில் காக்க வைக்கக் கூடாது.

எனவே பூட்டத்தான் வேண்டும். பூட்டுகிறவருக்குக் கடன் ஒன்று உண்டு என்பதைத்தான் ஆய்வுகள் மறந்துவிடுகின்றன.

அந்தக் கதவைப் பூட்டினால் மக்கள் போக வேண்டிய இடம் அரசின் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கும் ஆய்வு நடக்கிறது. தேசிய தர உறுதிச் சான்று பெற மொத்தத்தில் 70 விழுக்காடாவது மதிப்பெண் வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வரப்போகும் நாள் முன்பே தெரிந்துவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பு நடக்கும், ரெஜிஸ்டர்கள் அடுக்கப்படும். தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அதைக் குறிக்க வேண்டும். மாதம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே எண் இருந்தால் அந்தத் தாள் அதிகாரிக்காக எழுதப்பட்டது. நேற்று மின்சாரம் எத்தனை மணி நேரம் போனது என்று விசாரிப்பவர்தான் உண்மையை நெருங்குகிறார். அதையும் செவிலியரை அதட்டிக் கேட்டால் பயனில்லை; பயந்தவர் அடுத்த மாதமும் தாளைத்தான் நிரப்புவார்.

மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு விதித்த கணக்கு. அதில் தலை எண்ணப்படுகிறது, நடை எண்ணப்படுவதில்லை. நடக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தவர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. மலையில் படும் பாடு வெளியே தெரிய, கீழே அத்தனை சாவு விழ வேண்டியிருந்தது.

சீல் வைக்கும் ஆணையிலேயே, மறுநாள் முதல் அந்த ஊருக்கு எந்த மருத்துவர், எந்தக் கிழமை, எந்த வண்டியில் வருவார் என்று எழுதியிருக்க வேண்டும். இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும். சில மாதம் கழித்து அதே அதிகாரி சொல்லாமல் வரவேண்டும். பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஊருக்குள் போய், கடைசியாகப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று தாய்மார்களைக் கேட்க வேண்டும். "பக்கத்து ஊரில் ஒருத்தர் ஊசி போடுகிறார்" என்று அவர்கள் சொன்னால், அந்த அதிகாரியின் முதல் ஆய்வே இன்னும் முடியவில்லை.