கெட்டிக்காரனும் புத்திசாலியும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பினாங்கில் நம் வீடுகள்தோறும் ஒரே பேச்சுத்தான். "அவர் மகன் கெட்டிக்காரன், நம்ம பையனுக்குப் புத்தி போதாது." எஸ்.பி.எம். முடிவுத் தாளிலுள்ள சில எழுத்துக்களைக் கொண்டே ஒரு பிள்ளையின் புத்தி முழுவதையும் எடை போட்டுவிடுகிறோம். கெட்டிக்காரத்தனமும் புத்தியும் ஒன்றுதானா? சகோதரர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

திறமை என்பது குறிப்பிட்ட ஒரு காரியத்தைப் பிறரினும் செம்மையாகச் செய்து முடிக்கும் ஆற்றல். அது இயற்கையாக அமைவதும் உண்டு. பழக்கத்தால் வளர்வதும் உண்டு. அறிவோ, அக்காரியம் செய்யத்தக்கதா, எப்போது, எதற்காக என்று பகுத்துணர்வது. திருவள்ளுவரும் கல்வி, கேள்வி, அறிவுடைமை என்று மூன்றுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்திருப்பது காண்க.

நம் சமூகத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. 1874இல் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவதானம் நிகழ்த்தி, 'சதாவதானி' என்னும் புகழ் பெற்றார். அவதானம் எளிய வித்தையன்று. ஒருவர் முதுகில் கல் எறிந்துகொண்டிருப்பார். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். மற்றொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். அத்தனையையும் மனத்தில் வாங்கி, எண்ணிக்கை பிசகாமல், யாப்புத் தவறாமல் விடை கூற வேண்டும். இத்தகையவை நூறு சேர்ந்தால் சதாவதானம். நினைவும் கவனமும் இடைவிடாப் பயிற்சியும் கூடிப் பிறந்த பெருந்திறமை இது.

ஆனால் பாவலரை நாம் இன்றும் போற்றுவது கல்லையும் மணியோசையையும் எண்ணியதற்காக மட்டும்தானா? அந்த ஆற்றலை அவர் எங்கே செலவிட்டார் என்று பாருங்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று சைவர்களிடையே வழக்கு மூண்டபோது, முஸ்லிமாகிய அவர் அருட்பாவின் பக்கம் நின்று மேடைகளில் வாதாடினார். நூறு விஷயங்களை நினைவில் நிறுத்தியது திறமை. அந்த நினைவை எதற்குச் செலவிடுவது என்று தெரிந்தது அறிவு.

ஒரு துறையில் மின்னும் திறமை மற்றவற்றிலும் மின்ன வேண்டும் என்ற நியதியில்லை. சகுந்தலா தேவி 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 13 இலக்கமுள்ள இரண்டு எண்களை 28 விநாடியில் மனத்தாலேயே பெருக்கிக் காட்டினார். அவரை ஆராய்ந்த அமெரிக்க உளவியலார் ஆர்தர் ஜென்சன், மனத்தின் வேகத்தை அளக்கும் எளிய சோதனைகளில் அவர் சாதாரண மக்களைப் போலவே இருந்தார் என்று 1990இல் எழுதினார்.

இதன் மறுபக்கம் கணித மேதை ராமானுஜன். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா; 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்! தேர்வில் தவறியவர்தானே என்று அவரை எல்லோரும் ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

நம் ஊரையே பாருங்கள். நாசி கண்டார் கடையில் தட்டை ஒருமுறை பார்த்த மாத்திரத்தில் சோறு, கறி, மீன், வெண்டைக்காய் எல்லாவற்றையும் கூட்டித் தொகை சொல்பவர், பள்ளியில் கணக்கில் தவறியவராக இருக்கலாம். மோட்டாரின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்பவருக்குப் பட்டம் இல்லாதிருக்கலாம். இவர்களைப் 'படிப்பு ஏறாதவர்கள்' என்று முத்திரை குத்துவது அநீதி. அதுபோலவே, பாடந்தோறும் ஏ வாங்கியவருக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணி, சங்கத்துக் கணக்கு முதல் குடும்பத்து வழக்கு வரை அவரிடமே ஒப்படைப்பதும் பேதைமை. தேர்வு எழுதுவதும் மதிக்கத்தக்க திறமைதான்; ஆயினும் பல திறமைகளுள் அதுவும் ஒன்று.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. 'எத்தனை ஏ?' என்பதோடு நில்லாமல், 'உனக்கு எது கைவருகிறது?' என்றும் பிள்ளையைக் கேளுங்கள், திறமை தெரியவரும். பின்னர், 'அதைக் கொண்டு யாருக்கு என்ன செய்யப் போகிறாய்?' என்று கேளுங்கள். இந்த இரண்டாம் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளப் பழகிய பிள்ளைதான் புத்திசாலி.