ஊழும் முயற்சியும், நடுவில் ஒரு தாத்தாவும்

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு அப்போது மூன்று வயது. ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் அவரையும் உடன்பிறந்த மூவரையும் அரசு தாயிடமிருந்து பிரித்து, ஃபாஸ்டர் கேருக்கு, அதாவது அரசு ஏற்பாடு செய்யும் தற்காலிக வளர்ப்புப் பராமரிப்புக்கு, அனுப்பியது. தாய் போதைக்கும் மதுவுக்கும் அடிமை. வீட்டுப் பக்கம் வரும் பூனைக்குத் தீனி விழும், தங்களுக்கோ பசிதான் என்று பின்னாளில் பைல்ஸ் சொல்லியிருக்கிறார்.

மூன்று வயதில் பட்டினி கிடக்க அந்தக் குழந்தை என்ன வினை செய்திருக்கும்?

முற்பிறவிக் கணக்கு என்று நம்மில் பலர் சொல்லிவிடுவார்கள். இந்த விடையைப் பசித்தவர் சொல்வது குறைவு, பக்கத்தில் நின்று பார்ப்பவர் சொல்வதே அதிகம். ‘என் செயலுக்கு நானே பொறுப்பு’ என்று தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டால் வினைக்கொள்கை ஒழுக்கத்துக்கு உதவும். அடுத்த வீட்டுக் குழந்தையைக் காட்டிச் சொன்னால் அது கைகழுவுவதற்குத்தான் பயன்படும்.

அமெரிக்காவில் செல்லுபடியாகும் விடை வேறு: உழைத்தால் எதையும் வெல்லலாம். பைல்ஸின் கதை அதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. தாயின் தந்தை ரான் பைல்ஸும் அவர் மனைவி நெல்லியும் 2003-இல் சிமோனையும் தங்கை ஏட்ரியாவையும் சட்டப்படி தத்தெடுத்தார்கள். மூத்த இருவரை ரானின் சகோதரி ஏற்றுக்கொண்டார். சிமோன் வளர்ந்தது டெக்சஸில், ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள ஸ்பிரிங்கில். ஆறு வயதில் பகல்நேரக் காப்பகத்திலிருந்து சுற்றுலாவாக ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே தொடங்கியது 11 ஒலிம்பிக் பதக்கங்கள்வரை வந்திருக்கிறது. அவற்றில் 7 தங்கம்.

அந்த உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மன உறுதி மட்டுமே காரணம் என்றால், எழ முடியாமல் போன பிள்ளைகளுக்கு உறுதி போதவில்லை என்றாகிவிடும். அதே டெக்சஸில் ஃபாஸ்டர் கேரில் நெடுங்காலம் இருந்த குழந்தைகளுக்காக 2011-இல் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2015 டிசம்பரில் நீதிபதி ஜானிஸ் கிரஹாம் ஜாக் தீர்ப்பளித்தார்: மாநிலத்தின் ஏற்பாடு குழந்தைகளின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது, வந்தபோது இருந்ததைவிட அதிகம் சிதைந்தே அவர்களில் பலர் வெளியேறுகிறார்கள். அவர்களிடம் போய் முயற்சியின் பெருமையைப் பேச முடியுமா?

உளவியலாளர் எம்மி வெர்னர் ஹவாயின் கவாயி தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை நடத்தினார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நிதானமான, அக்கறையுள்ள மனிதராக வளர்ந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, விலகாமல் கூட நின்ற பெரியவர் ஒருவர். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.

திருக்குறளில் ஊழ் 38-ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துவது நமக்குப் பழக்கம். இடையில், 45-ஆம் அதிகாரமாக, பெரியாரைத் துணைக்கோடல் இருப்பதைக் கவனிப்பவர் குறைவு. அது அரசனுக்குச் சொன்னது. தக்க துணையைத் தேடிக்கொள்ள அரசனால் முடியும். மூன்று வயதுக் குழந்தையால் முடியாது. ஆகவே அங்கே பொறுப்பு இடம் மாறுகிறது: தேடி வர வேண்டியவர் பெரியவர்.

ரானும் நெல்லியும் தன்னைத் தேடி வந்ததைக் கத்தோலிக்கரான பைல்ஸ் அருள் என்று சொல்லக்கூடும். நெல்லி தந்த ஜெபமாலை அவர் பையில் இருப்பதாக 2016-இல் சொன்னார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின்போது ஒரு தொலைக்காட்சி வர்ணனையாளர், ரானும் நெல்லியும் அவருடைய பெற்றோர் அல்லர் என்று கிளப்பினார். என் பெற்றோர் அவர்களே, அவ்வளவுதான் என்றார் பைல்ஸ்.

காயங்கள் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் அவரும் ஒருவர். 2021 செப்டம்பரில் செனட் குழு முன் சாட்சியம் சொன்னார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டோக்கியோவில், மனநலத்தைக் காரணமாகச் சொல்லி அணி இறுதிப்போட்டியின் நடுவே விலகியிருந்தார். 2024-இல் பாரிஸில் மீண்டும் மூன்று தங்கம் வென்றார்.

ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி சில்ட்ரன் என்ற அமைப்புக்கு அவர் இப்போது துணை நிற்கிறார். ஃபாஸ்டர் கேருக்குப் போகும் அபாயத்தில் உள்ள குழந்தையோடு, சம்பளம் கொடுத்து முழுநேரமாக அமர்த்தப்பட்ட பெரியவர் ஒருவரை அது சேர்த்துவைக்கிறது. குழந்தைக்கு அளிக்கும் வாக்கு 12 ஆண்டுகளுக்கும் மேல். இடையில் குடும்பம் வீடு மாறினாலும் சரி, குழந்தை வேறு பள்ளிக்குப் போனாலும் சரி.