கூறியது கூறல்

நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த தமிழ் இலக்கண நூலார், கூறியது கூறலைப் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணினர். கணினிக் கோப்புகளைச் சுருக்கிக் காப்புநகலாகச் சேமிக்கும் நிரல்கள் இவ்விரு விதிகளையும் சற்றும் வழுவாமல் பின்பற்றுகின்றன. ஜிப் வகைச் சுருக்கத்தில் ஒரு தொடர் மறுமுறை வரும்போது அது திரும்ப எழுதப்படுவதில்லை. இவ்வளவு தூரம் பின்னே சென்று இவ்வளவு எழுத்துகளை எடுத்துக்கொள்க என்னும் சுட்டு மட்டுமே அங்கு நிற்கிறது. அச்சுட்டு 32 கிலோபைட்டுத் தொலைவுவரை பின்னோக்கும். ஆகவே இடையில் சில பைட்டுகள் சிதைந்தால், சிதைவுக்கு முற்பட்ட பகுதி முழுமையாக மீள, பிற்பட்ட பகுதியோ தன்னளவில் பழுதின்றி இருந்தும், அது சுட்டிய பொருள் இல்லாமையால் படிக்கவியலாததாகிறது. கோப்பின் இறுதியில் வைக்கப்படும் சரிபார்ப்பு எண், அதாவது உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் ஓர் எண், பிழை நேர்ந்தது என்பதை அறிவிக்குமேயன்றி, இழந்தது எது என்பதைச் சொல்லாது.

அவ்வாறு இழந்த பகுதியை உள்ளது என்பதா, இல்லது என்பதா? சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம், காரியம் தோன்றுமுன் காரணத்தில் அடங்கியிருந்தது போலவே அழிந்தபின்னும் காரணத்திலேயே ஒடுங்கும் என்பதால், முற்றழிவு என ஒன்றை ஒப்புவதில்லை. நியாய நூலாரோ அழிவுபாட்டபாவம் என்றொரு பதார்த்தத்தையே கொண்டனர். தொடக்கம் உடையதாய், முடிவு மட்டும் இல்லாததாய் இருக்கும் இன்மை அது. முதற்கொள்கை ஆறுதலளிப்பதே, ஆயினும் காரணத்தில் ஒடுங்கிய எழுத்தை வெளிக்கொணரும் வழியை அது மீட்பவனுக்குக் காட்டுவதில்லை.

இத்தகைய இழப்புக்குத் தமிழ் நூல்களிலும் சான்று உண்டு. சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கே, 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதியமானின் அக்கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றி அழித்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று எஞ்சியுள்ள பாடல்கள் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலில் இடம்பெற்றமையாலும், உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும் பிழைத்தவை. பிறர் முன்பே கூறியதைத் திரும்ப எழுதிவைத்த தொகுப்பாளர் இலக்கணத்தார் கண்ணில் குற்றவாளியாயினும், நூலைக் காத்தது அந்தக் குற்றமே. எனினும் அவர் பாடல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கியதால், போர் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிந்தது என்னும் கதையொழுங்கு பாடல்களோடு வந்துசேரவில்லை. பழுதுற்ற வட்டிலிருந்து பெயரும் அடைவும் இழந்து மீளும் கோப்புகளின் நிலையும் இதுவே.

சுட்டு மட்டும் எஞ்சிப் பொருள் மறைந்த நிலைக்கு இதனினும் பொருத்தமான சான்று சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் வரைந்த உரையில் உண்டு. சேலத்தைச் சேர்ந்தவரும் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தவருமான இராமசாமி முதலியார் 1880இல் இக்காப்பியத்தை உ.வே. சாமிநாதையருக்கு அறிமுகப்படுத்தினார். உரையில் 'என்றார் பிறரும்' என்பது போன்ற குறிப்புடன் வந்த மேற்கோள்களுக்கு நூற்பெயர் இல்லை. உரையாசிரியர் காலத்து மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடம் ஆதலின் பெயர் வேண்டியிருக்கவில்லை. நடுவே பல நூற்றாண்டுகள் கழிந்தபின் அச்சுட்டுகள் வெறுவெளியை நோக்கி நின்றன. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபோதுதான் அவற்றுட் பல எந்நூலைச் சேர்ந்தவை என்பது புலப்பட்டது. காப்பியத்தின் சைன சமயக் கருத்துகளுக்கோ கும்பகோணத்துச் சைனர்களைச் சாமிநாதையர் நாட வேண்டியிருந்தது; ஏட்டில் சுருங்கிக் கிடந்ததை விரித்தறியும் முறை ஏட்டுக்கு வெளியே, அக்காப்பியத்தை ஓதிவந்தோரிடம் வாழ்ந்துகொண்டிருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.

அச்சைனர்களின் தத்துவமே, இழந்தது உள்ளதா இல்லதா என்னும் மேற்கண்ட வினாவுக்கு ஓரளவு நேரான விடை தருகிறது. உள்பொருள் என்பது தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே உடையது என உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்தார். பொருளின் நிலைமாற்றங்களாகிய பரியாயங்கள் தோன்றி அழிய, அவற்றுக்கு இடமான திரவியம் நிலைபெறும் என்பது இதன் விரிவு. இவ்வாறு நோக்கின், தகடூர் யாத்திரை பாடல் என்ற வகையில் உளது, கதை என்ற வகையில் இலது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதியையே சொல்கிறார். ஊகத்தால் இடைவெளியை நிரப்பிக் கதையைத் தொடுத்துத் தருபவரோ இல்லாத ஒரு நூலை உண்டாக்குபவராவார். அவர் இழப்பை ஈடுசெய்வதில்லை, இழப்பு நேர்ந்தது என்ற செய்தியையும் சேர்த்து அழிக்கிறார். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் இவ்வகையில் கடைப்பிடித்த கட்டுப்பாடு வியப்புக்குரியது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றுக்குப் பின்வருவனவற்றின் எண்களை மாற்றி வரிசையை ஒட்டவைக்காமல், 266ஐ அடுத்த அவ்விரண்டு எண்களும் பாடலின்றியே விடப்பட்டன. நானூறு என்னும் தொகையில் அவையும் எண்ணப்படுகின்றன.